ஏறினால் போதாது, இறங்கிப் பழகுங்கள்

கேள்வி: வரும் ஜனவரியில் பனிச்சறுக்கு பழக குல்மார்க் போகிறேன். நம் ஊரில் பனியும் இல்லை, பக்கத்தில் மலையும் இல்லை, வெயில் வேறு கொளுத்துகிறது. டிசம்பரில் ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் டிரெட்மில்லில் ஓடினால் போதும்தானே?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: போதாது. பனி இல்லாதது உங்களுக்கு ஒரு குறையே இல்லை. சறுக்கும் வித்தையை அங்கே பயிற்சியாளர் சொல்லித் தருவார். தொடை வலுவை மட்டும் இங்கிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் சறுக்குக் கட்டைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகற்றி, முட்டியை மடக்கியபடியே இறங்க வேண்டும். அதுதான் பிரேக். அப்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. படி ஏறும்போது இந்த வேலை கிடையாது, இறங்கும்போதுதான் உண்டு. பழகாத தொடை மதியத்துக்குள் சோர்ந்துவிடும். சோர்ந்த காலோடு விழுந்தால் அடி முட்டிக்குத்தான். முட்டிக்குள் குறுக்காக ஓடும் தசைநார் அறுவது இந்த விளையாட்டில் அடிக்கடி நேரும் காயம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மலை இல்லை என்கிறீர்கள். பண்பொழி திருமலைக் கோயிலுக்கு 500 படிகளுக்கு மேல் இருக்கின்றன. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் பாதத்தைச் சத்தம் கேட்காமல் மெதுவாக வையுங்கள். நான் முதல் தடவை அப்படி இறங்கியபோது ஏறுகையில் மூச்சு வாங்கியதோடு சரி; இறங்குகையில் பாதி வழியிலேயே தொடை வெடவெடவென்று ஆடிவிட்டது. மறுநாள் நாற்காலியில் உட்காரக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை அந்த வலி இல்லை. ஆனி, ஆடிச் சாரலில் படி நனைந்திருந்தால் மட்டும் வேண்டாம்.

இதைவிடப் பனிக்கு நெருக்கமானது தேரிக்காடு. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் செம்மணல் மேட்டில் விடியற்காலையில், மணல் சுடுவதற்குள் இறங்கிப் பாருங்கள். காலடியில் மணல் நழுவும், உடம்பு தானாகப் பின்னால் சாயும். பனியிலும் பயத்தில் அப்படித்தான் சாய்வோம். சாய்ந்தால் கட்டை சொன்னபடி கேட்காது. முட்டியை மடக்கி, பாரத்தை முன்னால் வைத்து இறங்கப் பழகினால் அந்தப் பயம் இங்கேயே பாதி போய்விடும்.

சரி, மூச்சு? குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாம் 50 மீட்டர் அளவில் இருக்கிறோம். உயரத்துக்கு உடம்பு பழகுவது அங்கே போன பிறகுதான். முதல் நாள் ஓய்வெடுங்கள். ஆனாலும் நெஞ்சு வலுவாக இருந்தால் நல்லது. நீச்சல் தெரியுமென்றால் தாமிரபரணியில், துணையோடு, ஆழமில்லாத இடமாகப் பார்த்து எதிர்நீச்சல் போடுங்கள். சைக்கிளும் நல்லதுதான், ஆனால் பாரத்தைத் தாங்கி இறங்கும் வேலை அதில் இல்லை.

முட்டியில் பழைய வலி இருந்தால் இதையெல்லாம் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே தொடங்கலாம். தினமும் மலைக்குப் போக முடியாதுதான். உங்கள் அலுவலகம் மாடியில் இருந்தால் லிஃப்டில் ஏறிப் போங்கள், தப்பில்லை. இறங்குவது மட்டும் படியில் இருக்கட்டும்.