கேள்வி–பதில்: போர்முனையைத் தாண்டி வந்த திராட்சை

கேள்வி: லெபனானில் உள்நாட்டுப் போர் நடந்தபோதும் ஒரு குடும்பம் விடாமல் ரெட் வைன் தயாரித்ததாமே, உண்மையா? அந்த வைனுக்கு அப்படி என்ன மவுசு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உண்மைதான். ஹொஷார் குடும்பத்தின் ‘ஷாத்தோ முசார்’தான் அது. 1930-ல் காஸ்தோன் ஹொஷார் தொடங்கினார். நான் பெரிதும் மதிப்பது அவர் மகன் செர்ஜை. 1959-லிருந்து வைன் தயாரிப்பு அவர் பொறுப்புக்கு வந்தது.

தோட்டம் ஓரிடம், ஆலை ஓரிடம் என்பதுதான் அவர்களுடைய பெரும்பாடு. கொடிகள் இருப்பது பெக்கா பள்ளத்தாக்கில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில். ஆலையோ பெய்ரூட்டுக்கு வடக்கே, கடலோரப் பக்கமுள்ள கஸீரில். நடுவில் லெபனான் மலைத்தொடர். பறித்த பழத்தை லாரியில் ஏற்றி மலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். 1975-ல் தொடங்கிய போர் 15 ஆண்டு நீடித்தது. அந்தச் சாலையில் எப்போது குண்டு விழும், எந்தக் குழு வண்டியை மறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1976-ல் மின்சாரமும் இல்லை, போக வழியும் இல்லை. அந்த ஆண்டு வைனே கிடையாது. 1984-ல் லாரிகள் சுற்றிச் சுற்றி வந்து சேர்வதற்குள் பழம் வழியிலேயே நொதிக்கத் தொடங்கிவிட்டது. திராட்சைக்கு வருடத்தில் ஒரே ஓர் அறுவடைதான். அதைக் கொடியிலேயே அழுகவிட மனம் வராத ஓட்டுநர்களையும் பறிப்பவர்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. புகழெல்லாம் செர்ஜின் பெயரில் இருந்தாலும், பாதி அவர்களுக்குச் சேர வேண்டியது.

சரி, மவுசுக்கு வருவோம். காபர்நே சோவிஞோன், சென்சோ, காரிஞான் ஆகிய மூன்று திராட்சைகளின் கலவை இது. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. பழத்தோடு வருவதே நொதிக்க வைக்கிறது. முதலில் சிமென்ட் தொட்டி, பிறகு ஓராண்டு ஓக் பீப்பாய், மூன்றாம் ஆண்டில் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். வடிகட்டுவதில்லை, அதனால் அடியில் வண்டல் தங்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. பிறகும் நிலவறையில் காத்திருந்து, ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வரும். ஓராண்டு வைன் மாதிரி இன்னோராண்டு வைன் இருக்காது. அதைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் இதன் அழகு.

போரில் உள்ளூர்ச் சந்தை படுத்துவிட, செர்ஜ் பாட்டில்களோடு இங்கிலாந்து போனார். 1979 பிரிஸ்டல் வைன் கண்காட்சியில் உலகம் திரும்பிப் பார்த்தது. 1984-ல், அதாவது பழம் லாரியிலேயே நொதித்த அதே வருடம், ‘டிகான்டர்’ என்ற வைன் இதழ் அவரை ஆண்டின் சிறந்த மனிதராகத் தேர்ந்தெடுத்தது. அவர் 2014 இறுதியில் காலமானார். அப்புறம் மகன்கள் காஸ்தோனும் மார்க்கும் தொழிலைத் தொடர்ந்தார்கள்.