குன்னூரில் மாப் ஹோல்டர் சுவரில் நிற்கவில்லை: பதில்

மறுபடி டபுள் டேப் வாங்காதீங்க, அந்தச் சுவருக்கு ஸ்க்ரூதான். ஐப்பசி மழை பிடித்ததும் ஒட்டுகிற ஹோல்டர் மாப்போடு விழுகிறது என்றீர்கள். விழுந்ததன் பின்பக்கம் பாருங்க. டேப்பில் பெயிண்ட் பொடி அப்பியிருந்தால் டேப்பில் குற்றமில்லை. ஈரம் ஏறி டிஸ்டெம்பர் பிடிவிட்டிருக்கிறது.

உறுதி செய்ய, ஓரடி பாலிதீனை நாலு ஓரமும் டேப்பால் அடைத்து ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்று. (அந்த டேப்பும் நிற்கவில்லையா? அதுவே பதில்.) மழை அடிக்கிற வெளிச்சுவர் என்றால் உள்சுவருக்கு மாற்றிடுங்க.

ஓட்டைக்கு 6 மி.மீ. டிரில் பிட், 50 மி.மீ. ஆழம். பூச்சே 12-15 மி.மீ. போய்விடும், பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் குழல்) முழுக்க செங்கலுக்குள் இருக்கணும். தூள் சிவப்பாக வரணும். சாம்பலாகவே வந்தால் அது செங்கல் இடுக்கிலுள்ள கலவை, கொஞ்சம் நகர்த்திப் போடுங்க. தூளை ஊதிவிட்டு பிளக் அடித்து, 50 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. சாதா ஸ்க்ரூ துருப்பிடித்துக் கறை வழியும்.

மாப் நூல் தரையிலிருந்து ஒரு சாண் மேலே தொங்கணும், இல்லாவிட்டால் காயாது, நாறும். மெல்லிய துடைப்பக் கைப்பிடி வழுக்கினால் ஹோல்டர் பிடிக்கிற இடத்தில் சைக்கிள் ட்யூப் துண்டு சுற்றுங்க.

பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் டிரில்லில் ஹாமர் மோடு (தட்டித் தட்டித் துளைப்பது) வேண்டாம், ஓட்டை பெரிதாகிவிடும். நீள ரீப்பரை (மரச்சட்டம்) நாலு இடத்தில் முடுக்கி, அதன்மேல் ஹோல்டரை மாட்டுங்க. சுவிட்ச் பெட்டிக்கும் குழாய்க்கும் நேர் மேலே, கீழே ஓட்டை போடவே கூடாது.