வெறுங்குழி

கேள்வி: நான் பல்லாங்குழி ஆடுவதையும் நடுவீட்டுக் கோலம் போடுவதையும் பார்த்துவிட்டு, "ஆத்தா, இதுதான் ஜென்" என்கிறாள் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் என் மகள். வெறும் விளையாட்டிலும் வெறும் கோலத்திலும் ஜப்பான்காரர்களின் தத்துவம் எப்படி வரும்? அப்படியே வந்தாலும், ஜென்னுக்கு மூலவரான போதிதர்மர் நம் காஞ்சிபுரத்துக்காரர்தானே? அதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, உங்கள் கேள்வியில் 'வெறும்' என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. ஜப்பானும் காஞ்சிபுரமும் கொஞ்சம் பொறுக்கட்டும். எனக்கு அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

வெறும் வயிறு, வெறுஞ்சோறு, வெறுங்கழுத்து. ஒன்று இல்லை என்பதைச் சொல்லும் சொல் இது. அதையே நாம் இளப்பத்துக்கும் வைத்துக்கொண்டோம். 'வெறுங்கை முழம் போடுமா?' என்று பழமொழி வேறு. எங்கள் அப்பத்தா பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கவே மாட்டார்; ஒரு பிடி சர்க்கரையாவது உள்ளே விழும். வெறுமை என்றால் அவ்வளவு பயம். அதே அப்பத்தா பட்டாலைத் திண்ணையில் பல்லாங்குழியை விரித்து உட்கார்ந்துவிட்டால், அவர் கண் முழுக்க வெறுங்குழி மேல்தான் இருக்கும்.

உங்களுக்குத் தெரியாததா? 14 குழி. எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து, மொத்தம் 70 புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகிறோம். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளுகிறோம். அந்தக் குழியும் வெறுமையாக இருந்தால்? விரலால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 20 காய் குவிந்திருந்தால் இருபதும் நமக்கு. நிறைந்த குழி ஆட்டத்தை நகர்த்தும், அவ்வளவுதான். பெரிய வரவெல்லாம் வெறுங்குழியைத் துடைத்த பிறகுதான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெறுங்குழி வந்தால் ஒன்றும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறுமை எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவர் ஜெயிப்பார். ஒன்றுமே இல்லாத குழியை எதற்கு விரலால் துடைக்கிறோம்? எட்டு வயதில் கேட்டேன். "துடைக்காமல் எடுத்தால் செல்லாது" என்றார் அப்பத்தா. அதற்கு மேல் விளக்கம் இல்லை. இன்றுவரை நான் வேறு விளக்கம் தேடவும் இல்லை.

கோலத்துக்கு வருகிறேன். பச்சரிசியை அரைத்துக் கரைத்து, துணியில் நனைத்து, விரல் வழியே இழை விடுகிறீர்கள். ஈரமாக இருக்கும்போது அந்த இழை தரையில் சரியாகத் தெரியாது. காயக் காயத்தான் வெள்ளை எழும். பாதி கண்ணுக்குத் தெரியாத கோட்டை நம்பித்தான் அடுத்த கோட்டை இழுக்கிறீர்கள். ஆத்தங்குடித் தரைக்கல் செய்பவரும் அப்படித்தான். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, அதன் முதுகில் சிமெண்டும் மணலும் போட்டு மூடிவிடுவார். கல்லைப் பெயர்த்து எடுக்கும்வரை அதன் முகம் அவருக்குத் தெரியாது. அந்தக் கல்லுக்குப் பளபளப்பு வருவதும் வருஷக்கணக்காக வெறுங்கால் நடந்து நடந்துதான். பாருங்கள், மறுபடியும் 'வெறும்'.

கியோட்டோவில் ரியோஆன்ஜி என்ற ஜென் கோயில். அங்கே வெள்ளைச் சரளைக்கு நடுவே 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். அதைப் பார்க்க உலகமே போகிறது. போகட்டும், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஜென் என்றதும் ஓடிவருவது போதிதர்மர். இதைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு தடவையும் கோபக் கடிதங்கள் வருகின்றன. இந்தத் தடவையும் வரட்டும். சீனாவின் லோயாங் நகரத்துக் கோயில்களைப் பற்றி 547-ல் எழுதிய யாங் ஷுவான்சி அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறார். தான்லின் என்ற துறவி, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். காஞ்சி என்ற பெயர் இரண்டிலும் இல்லை. நம்மூர்க்காரர்தான் என்றே வைத்துக்கொள்வோம். அது உறுதியான மறுநாளும் நீங்கள் பல்லாங்குழியை 'வெறும் விளையாட்டு' என்றுதானே சொல்வீர்கள்? பிறகு அந்தப் பெருமையால் யாருக்கு என்ன ஆயிற்று?

வணிகம் செய்து வாழ்ந்த நம் செட்டிநாட்டுக்காரர்கள் ஜென்னில் சொந்தம் கொண்டாட வேண்டிய ஊர் சக்காய். ஜப்பானின் துறைமுகப் பட்டணம். தேநீர்ச் சடங்கை எளிமையின் உச்சிக்குக் கொண்டுபோன சென் நோ ரிக்யூ (1522–1591) அந்த ஊர் வணிகக் குடும்பத்துப் பிள்ளை. அவர் கட்டியதாகச் சொல்லப்படும் தேநீர் அறை இரண்டு பாய் அகலம்தான். காசு புரண்ட ஊரில்தான் அந்த வெறுமைக்கு மதிப்பு வந்தது. நம் ஐயாக்கள் பர்மாத் தேக்கை இறக்கிப் பெரிது பெரிதாகக் கட்டினார்கள், சரி. ஆனால் ஒவ்வொரு சல்லிக்கும் கணக்கு எழுதிய அதே மனிதர்கள்தான், வீட்டுக்கு நட்டநடுவில் முற்றத்தை வெயிலுக்கும் மழைக்கும் வெறுமையாக விட்டார்கள்.

இந்த வெறுமையைத்தான் இப்போது அடைக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி, பெயர் வேண்டாம். அதன் வரவேற்பறைச் சுவரில் பழைய மரப் பல்லாங்குழி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். 14 குழியிலும் சோழியை நிரப்பிப் பசை போட்டு ஒட்டியாயிற்று. எந்தக் குழியும் இனி வெறுங்குழி ஆகாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஸ்டிக்கர் கோலம் வேண்டாம் என்று நான் ஏற்கெனவே எழுதியதை ஒரு வார்த்தைகூட மாற்றிக்கொள்ளவில்லை.

டோகன் என்ற ஜப்பானியத் துறவி 1223-ல் சீனாவுக்குப் போனார். தியான்தொங் மடத்தில் உச்சிவெயிலில், தலையில் ஒரு தொப்பிகூட இல்லாமல், வயதான சமையல்காரத் துறவி ஒருவர் காளான் உலர்த்திக்கொண்டிருந்தார். வயது 68, முதுகு வில்லாக வளைந்திருந்தது. "வேறு ஆளை விட்டுச் செய்யக் கூடாதா?" என்று கேட்டார் டோகன். "வேறு ஆள் நான் அல்லவே" என்றார் அவர். "இந்த வெயிலிலா?" என்றதற்கு, "இப்போது இல்லாமல் எப்போது?" பின்னாளில் மடத்துச் சமையல்காரருக்கென்றே டோகன் எழுதிய நூலில் இது இருக்கிறது. மொட்டைமாடியில் வத்தல் காயப் போடும் உங்களுக்கு அந்தக் கிழவரை என்னைவிட நன்றாகவே புரியும்.

மகளைக் கோபிக்காதீர்கள். அவள் கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கிறது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்துப் பெயர் வைப்பதோடு அவளை விட்டுவிடவும் வேண்டாம். ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு மத்தியானம் எதிரே உட்கார வையுங்கள். விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள். அவள் விரலாலேயே துடைக்கட்டும்.

உங்கள் வீட்டில் குழிக்கு ஐந்தா, ஆறா? மறக்காமல் எழுதுங்கள்.