கேள்வி – பதில்: கல்லுக்குள் ஒளிந்திருக்கும் மரம்

கே: மகாராஷ்டிராவில் கார்லா குகைக்குப் போயிருந்தோம். கல் மண்டபத்தின் கூரையில் மரச்சட்டங்கள் இருக்கின்றனவே, பிற்காலத்தில் பொருத்தியதா? – திண்டுக்கல் வாசகி

ப: இல்லைங்க, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய மரம் அது! நம் ஓட்டு வீட்டுக் கைமரம் போல வளைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். கூரை மலையோடு ஒட்டிய பாறை, அதைத் தாங்க எதுவும் வேண்டியதில்லை. ஆனாலும் அதுவரை தச்சர்கள் மரத்தில் கட்டிய மண்டபங்களைப் பார்த்தே பழகியவர்களுக்குக் கைமரம் இல்லாத கூரை கூரையாகவே தோன்றவில்லை போலும். பக்கத்தில் உள்ள பாஜாவுக்கும் ஒருமுறை போய் வாருங்கள், அங்கே கல்தூண்கள் உள்பக்கமாகச் சற்றே சாய்ந்து நிற்கும். மரக்கம்பத்துக்குத்தான் அந்தச் சாய்வு தேவை, மலையைக் குடைந்து விட்டுவைத்த தூணுக்கு எதற்கு? அப்புறம் அஜந்தாவின் 26ஆம் குகைக்கு வந்தால் அந்தச் சட்டங்களையே கல்லில் செதுக்கிவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இதுதான்.

கே: குகை குடைவதைத் தொடங்கியவர்கள் பௌத்தர்களா, சமணர்களா, இந்துக்களா? – சேலம் வாசகர்

ப: காலம் உறுதியாகத் தெரிந்தவற்றில் மிகப் பழையவை பீகாரின் பராபர் குகைகள், கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அசோகர் அங்கே குகை கொடுத்தது மூவருக்குமே அல்ல, ஆசீவகம் என்ற வேறொரு பழைய சமயத்தின் துறவிகளுக்கு! உள்ளே சுவர் கண்ணாடி போல வழவழக்கும். அங்குள்ள லோமச ரிஷி குகையின் வாசலைக் கிட்டே போய்ப் பார்த்தால் மூங்கில் வளைத்த குடிசை முகப்பு அப்படியே தெரியும், விட்டங்களின் நுனிகள்கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வளைவுக்குள் யானைகள் வரிசையாக நடந்து போகும்.

எல்லோராவைச் சொல்லி நிறையப் பேர் குழம்புகிறார்கள். அங்கே குகை எண் 1 முதல் 12 பௌத்தம், 29 வரை இந்து, 34 வரை சமணம் என்பது சரி, ஆனால் அந்த எண்கள் தெற்கிலிருந்து வடக்காகப் போட்டவை, கால வரிசை அல்ல. ஒரே மலையில் ஒரு சமயத்தார் குடைந்துகொண்டிருக்கும்போதே இன்னொருவரும் குடைந்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் பாதாமியிலும் மூன்று இந்துக் குகைகள், அவற்றை ஒட்டியே நான்காவதாகச் சமணக் குகை.

கே: நம் ஊர்க் குடைவரைகளுக்கும் இவற்றுக்கும் தொடர்பு உண்டா? – காஞ்சிபுரம் வாசகர்

ப: உண்டு. மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் அயன், ஈசன், மால் மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று கல்வெட்டில் பெருமையாகச் சொல்கிறான். மரம் வேண்டாம் என்று சொல்லியே பாறையைக் குடைந்தான், சரி. ஆனால் அவனுக்குப் பின் மாமல்லபுரத்தில் வந்த திரௌபதி ரதத்தைப் பாருங்கள், கல்லில் செதுக்கிய ஓலைக் குடிசைதான்! அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது கொடுங்கையை, அதாவது கூரை விளிம்பில் வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை, அண்ணாந்து பாருங்கள், குதிரை லாடம் போல வரிசையாகக் கூடுகள் இருக்கும், பல கூடுகளுக்குள் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். பராபரில் யானைகள் நடந்த அதே மூங்கில் வளைவுதான் சுருங்கிச் சுருங்கி அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.