ஆப்பிரிக்க வனவிலங்குப் பூங்காக்களுக்குள் மோட்டார் சைக்கிளில் பயணம் செய்ய அனுமதி உண்டா? அது பாதுகாப்பானதா?

பூங்காவைச் சுற்றிப் பார்க்க அனுமதி இல்லை. பூங்காவைக் கடந்து செல்ல அனுமதி உண்டு. நுழைவாயிலில் கட்டணம் செலுத்தி, உள்ளே சிங்கத்தையும் யானையையும் தேடி அலைவதற்கு மோட்டார் சைக்கிளை விடுவதில்லை என்பதே பெரிய பூங்காக்களின் பொதுவான விதி. ஆனால் இந்தப் பூங்காக்கள் சிலவற்றின் நடுவே நாட்டின் முக்கிய நெடுஞ்சாலைகளே செல்கின்றன. அவற்றில் லாரி, பேருந்து ஆகியவற்றோடு இருசக்கர வாகனமும் போகலாம், வேலி எதுவும் இல்லாமல் விலங்குகளும் குறுக்கே போகலாம். போட்ஸ்வானாவின் கபரோனில் சில ஆண்டுகள் வேலை பார்த்த காலத்தில், விடுமுறைகளில் நான் ஓட்டியவை பெரும்பாலும் இத்தகைய சாலைகள்தாம் என்பதால், என் பதிலும் தென்பகுதி ஆப்பிரிக்காவை ஒட்டியே அமையும்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர், நமீபியாவின் எட்டோஷா, அட்லாண்டிக் கரையோரத்து ஸ்கெலிட்டன் கோஸ்ட் ஆகிய மூன்று பூங்காக்களிலும் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. இதைக் கேட்டுக் கோபப்படும் பைக் பிரியர்களைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால், இந்தத் தடை முற்றிலும் நியாயமானது. காருக்குள் இருக்கும் மனிதர்களை விலங்குகள் தனித்துப் பிரித்துப் பார்ப்பதில்லை என்றும், பைக்கில் உட்கார்ந்திருப்பவரின் உருவம் அவற்றுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடும் என்றும் வனக்காவலர்கள் விளக்குவார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. யானை காதை விரித்துக்கொண்டு நான்கடி முன்னே வந்தால், கார் ஓட்டுபவர் முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்வாங்கிவிடலாம். பெட்டிகளோடு இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும் பைக்கை ஒரு மணல் தடத்தில் காலால் உந்தித் திருப்ப வேண்டியவருக்கு அந்த அவகாசம் கிடைக்காது. யானையோ மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியது.

இனி, ஓட்டக்கூடிய சாலைகளுக்கு வருவோம். நமீபியாவின் வடகிழக்கு மூலையில், அங்கோலாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் இடையே விரல் போல நீண்டிருக்கும் நிலப்பகுதியில் ப்வாப்வாட்டா தேசியப் பூங்கா இருக்கிறது. பி8 நெடுஞ்சாலை டிவுண்டுவிலிருந்து கொங்கோலா வரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தூரம் அதனுள்ளேயே செல்கிறது. நல்ல தார்ச்சாலை, பெரும்பாலும் நேர்கோடு. பூங்காவுக்குள்ளேயே க்வே என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள் இருப்பதால், யானை எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிய சற்று நேரத்தில் பள்ளிப் பிள்ளைகள் சாலையோரம் நடந்து வருவதையும் பார்க்கலாம். போட்ஸ்வானாவின் சோபே பூங்காவிலும் ங்கோமா எல்லைக்கும் கசானேக்கும் இடையே இதுபோன்ற கடப்புச் சாலை உண்டு. வாயிலில் பெயரைப் பதிந்துவிட்டு நேராகக் கடந்து செல்ல வேண்டும், கிளைத் தடங்களில் திரும்பக் கூடாது. தான்சானியாவில் டாரஸ்ஸலாமிலிருந்து ஜாம்பியா செல்லும் நெடுஞ்சாலை மிக்குமி பூங்காவையும், ஜாம்பியாவில் லுசாக்காவிலிருந்து மோங்கு செல்லும் சாலை காஃபுவே பூங்காவையும் ஊடறுக்கின்றன. கென்யாவில் நைரோபி–மொம்பாசா சாலை கிழக்கு, மேற்கு ட்சாவோ பூங்காக்களுக்கு நடுவே ஓடுகிறது. 1898இல் ரயில் பாதைத் தொழிலாளர்களைக் கொன்ற சிங்கங்களால் ட்சாவோவின் பெயர் உலகறிந்தது என்றாலும், இன்று அந்தச் சாலையில் பைக்கில் செல்பவர் அஞ்ச வேண்டியது எதிரே முந்திக்கொண்டு வரும் கன்டெய்னர் லாரிகளுக்குத்தான்.

யானையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் போட்ஸ்வானாவில் மட்டும் 1,30,000 யானைகளுக்கு மேல் இருப்பதாக 2022இல் ஐந்து நாடுகள் சேர்ந்து நடத்திய வான்வழிக் கணக்கெடுப்பு காட்டியது. நாட்டாவிலிருந்து கசுங்குலா நோக்கிச் செல்லும் ஏ33 சாலை சுமார் 300 கிலோமீட்டர். இடையிடையே காப்புக்காடுகள், வேலி கிடையாது. மழைக்காலத்தில் சாலையோரப் புல் ஆளுயரம் வளர்ந்துவிடுவதால், அவ்வளவு பெரிய உடம்பு பத்தடி தூரத்தில் நிற்பதுகூடக் கண்ணில் படாது. ஜூலை முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில் புதர்கள் இலையுதிர்த்து நிற்பதால் தொலைவிலேயே தெரிந்துவிடும், ஆனால் பிற்பகலில் தண்ணீர் தேடிக் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். ஒரு யானை கடந்துவிட்டால் வழி திறந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பின்னால் குட்டி வரும், குட்டிக்குப் பின்னால் அதன் தாயோ பெரியம்மாவோ வரும். இடையில் புகுந்தவரை அவை மன்னிப்பதில்லை.

குறைந்தது நூறு மீட்டர் தள்ளி நின்றுவிட வேண்டும். ஹார்ன் அடிக்கக் கூடாது, ஆக்சிலேட்டரை முறுக்கிச் சத்தம் எழுப்பக் கூடாது. நான் இன்ஜினை அணைப்பதும் இல்லை; அணைத்த இன்ஜினை யானை அருகில் வந்தபின் திடீரென்று உயிர்ப்பிப்பது அதைத் திடுக்கிட வைக்கும். கன்னத்தில் மதநீர் வழியும் தனி ஆண் யானை என்றால், இன்னும் தொலைவிலேயே திரும்பிவிடுவது நல்லது. ஏ33இல் ஒருமுறை பெரிய கூட்டம் ஒன்று சாலையிலேயே நின்றுவிட்டபோது, பின்னால் வந்த லாரி ஓட்டுநர் என்னைப் பார்த்து, “ரா, என் வண்டிக்குப் பின்னால் வாருங்கள்” என்றார். ரா என்பது அங்கே ஆண்களை மரியாதையாக அழைக்கும் முறை. கூட்டம் விலகும்வரை அவருடைய லாரிக்குப் பின்னால் நின்று, பிறகு அதன் நிழலிலேயே கடந்தேன். அன்றிலிருந்து, முன்னே செல்ல ஒரு லாரி கிடைத்தால் அதை நான் முந்துவதே இல்லை.

பைக் ஓட்டுபவர்களைக் கீழே தள்ளுவதில் காட்டு விலங்குகளைவிட வீட்டு விலங்குகளுக்கே அதிகப் பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பூங்கா எல்லை முடிந்து ஊர் தொடங்கும் இடங்களில் மாடுகளும் கழுதைகளும் தார்ச்சாலையில் நிற்கும், மாலையானாலும் நகராது. பொழுது சாய்ந்தபின் குடு (kudu) எனப்படும் பெரிய மான்கள் புதரிலிருந்து தாவும். வளர்ந்த ஆண் இருநூறு கிலோவைத் தாண்டும் என்பதால், அதில் மோதுவது பைக்கில் செல்பவருக்கு உயிராபத்து. எனவே வெயில் ஏறியபின் புறப்பட்டு, நான்கு மணிக்குள் தங்குமிடத்தை அடைந்துவிட வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

காஃபுவே பக்கம் செல்பவர்களுக்குத் தனியாக ஒன்று: அங்கே ட்செட்சி ஈக்கள் உண்டு. இவை ஓடும் வண்டிகளைத் துரத்தி வரும், கருப்பு, நீல நிறங்களை நாடும், மெல்லிய துணிக்கு மேலாகவே கடிக்கும். கடைகளில் விற்கும் ரைடிங் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை கருப்பு நிறமாக இருப்பதை என்னவென்று சொல்வது! வெளிர் மண் நிறத்தில் தடித்த ஜாக்கெட் அணிவதே நலம்.

விலங்குகளைப் பார்த்துப் படமெடுப்பதுதான் நோக்கம் என்றால் பைக்கை விடுதியில் நிறுத்திவிடுங்கள். கசானேயில் சோபே ஆற்றுப் படகும், திறந்த ஜீப்பும் எளிதில் கிடைக்கும். எட்டோஷாவின் வாயில்களுக்கு வெளியே உள்ள விடுதிகளும் இப்படி அழைத்துச் செல்கின்றன. பைக்கின் மீது இருக்கும்போது கண் சாலையோரப் புல்லில்தான் இருக்க வேண்டுமே தவிர, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் இருக்கக் கூடாது.

முதல்முறை செல்பவருக்கு நான் சொல்லும் வழி: நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் வாடகைக்குப் பைக் எடுத்து, ருண்டு, டிவுண்டு, கொங்கோலா, கட்டிமா முலிலோ, ங்கோமா வழியாகக் கசானே. முழுவதும் தார்ச்சாலை, இந்தியாவைப் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும். எல்லை தாண்டுவதற்கான அனுமதிக் கடிதத்தை வாடகை நிறுவனத்திடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். டிவுண்டுவில் டேங்கை நிரப்பாமல் ப்வாப்வாட்டாவுக்குள் நுழையாதீர்கள். வழியில் கால்நடைத் துறைச் சோதனைச் சாவடிகள் வரும். கோமாரி நோய் பரவாமல் தடுக்க, மருந்தில் நனைத்த விரிப்பில் காலணிகளை மிதிக்கச் சொல்வார்கள், பச்சை இறைச்சி இருந்தால் எடுத்துவிடுவார்கள். பெட்டியின் அடியில் இருக்கும் மாற்றுக் காலணியையும் சில நேரம் கேட்பார்கள் என்பதால், அதை மேலே வைத்துக் கட்டுங்கள்.