கிராணி ஐயாவிடம் கேளுங்கள்: தண்ணீர் பில் முதல் சேமநிதி வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. முப்பது ஆண்டு தோட்டக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: 12 வெள்ளி (ரிங்கிட்) வரும் தண்ணீர் பில் இந்த மாதம் 41 வெள்ளி. பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்கள் பைப்பிலிருந்து எடுக்கிறார் என்கிறார் அம்மா. போய்க் கேட்டுவிடவா?

பதில்: வேண்டாம்மா, பொறு. நாளைக்கும் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். முதலில் மீட்டரைப் பார். அதில் ஓடும் எண் பில்லில் உள்ளதைவிடக் குறைவு என்றால், படித்தவர் தப்பாகப் படித்திருக்கிறார். இல்லையென்றால் இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, டார்ச் அடித்து மீட்டரின் சின்னச் சக்கரத்தைக் கவனி. சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர் எங்கோ போகிறது. அப்புறம் கழிவறைத் தொட்டியில் பலகாரத்துக்குப் போடும் கலரைக் கொஞ்சம் கரைத்து, அரை மணி நேரம் யாரும் இழுக்காமல் விட்டுவிடு. கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் தொட்டி ரப்பர் தேய்ந்துவிட்டது. என் வீட்டில் அப்படித்தான் மூன்று மாதம் சத்தமே இல்லாமல் ஒழுகியது. இதெல்லாம் பார்த்தும் விடை கிடைக்கவில்லை என்றால், அப்போது அம்மாவின் சந்தேகத்தைப் பேசலாம்.

கேள்வி: இரண்டு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கிறேன். கீழ்மட்டைகள் மஞ்சளாகிவிட்டன. தூரை அழுக வைக்கும் கானோடெர்மா பூஞ்சை நோய், மரத்தைச் சாய்த்துவிடு என்கிறார்கள்.

பதில்: தம்பி, கத்தியை வைத்துவிட்டு மரத்தடிக்குப் போ. மஞ்சளான இலை ஒன்றைக் கையில் பிடி. வெயில் பட்ட இடம் ஆரஞ்சாகவும், மேல் இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் பச்சையாகவும் இருந்தால் அது பெரும்பாலும் மக்னீசியக் குறைவு. மணல் மண்ணில் அடிக்கடி வரும். மக்னீசியம் உள்ள கீசரைட்டோ டோலமைட்டோ போட்டுத் தேற்றலாம். கானோடெர்மா என்றால் வேறு அடையாளம் இருக்கும்: நுனியில் விரியாத குருத்துகள் இரண்டு மூன்று ஈட்டி மாதிரி நிற்கும், தூரில் கெட்டியான காளான் தட்டுத் தட்டாக முளைக்கும். ஆனால் காளான் இல்லை என்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதே. உள்ளே நன்றாக அழுகிய பிறகுதான் அது வெளியே தெரியும். இரண்டு கோளாறும் ஒரே மரத்தில் இருக்கவும் கூடும்.

கேள்வி: மகனுக்கு நான்கு நாள் காய்ச்சல், நேற்று விட்டுவிட்டது. ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறான், வாந்தி வேறு. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையோ?

பதில்: இருக்கலாம். ஆனாலும் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் தங்கச்சி. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று வலியும் வாந்தியும் அதன் எச்சரிக்கை. சாப்பாட்டுக் கோளாறு என்றால் ஒரு மாலைப்பொழுது வீண், அவ்வளவுதான். டெங்கி என்றால் ஒரு மணி நேரம்கூடப் பெரிது.

கேள்வி: கணவருக்கு 55 வயது ஆகிறது. சேமநிதியை (சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தை) முழுவதும் எடுத்து வீட்டைப் பெரிதாக்கலாம் என்கிறார். சாதக பாதகம் எழுதிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஆறு ஆறு வந்தது.

பதில்: எண்ணிப் பார்த்தால் சமம்தான் அம்மா, எடை போட்டீர்களா? பெஞ்சமின் பிராங்கிளின் 1772இல் விஞ்ஞானி பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இந்த வழியைச் சொல்லியிருக்கிறார். தாளை நடுவில் கோடிட்டு, மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுதி, எடை ஒத்துப்போகிறவற்றை இருபுறமும் அடித்துவிட வேண்டும். இந்தப் பக்கத்து ஒரு காரணம் அந்தப் பக்கத்து இரண்டுக்குச் சமமானால் மூன்றையும் அடிக்கலாம். ‘விருந்தாளிக்கு ஓர் அறை’ என்பதும் ‘வயதான காலத்துச் சாப்பாட்டுச் செலவு’ என்பதும் ஒரே எடையா, சொல்லுங்கள். அதோடு, முழுவதும் எடுத்தே ஆக வேண்டும் என்று எங்கே இருக்கிறது? 55இல் வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம்; மீதிக்கு ஆண்டுதோறும் லாப ஈவு வந்துகொண்டிருக்கும். கூரை ஒழுகுகிறதென்றால் கூரைக்கு மட்டும் எடுங்கள். அந்தத் தாளைக் கணவரிடம் கொடுத்து, அவர் கையாலேயும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.