கண் சுட்டும், மூளை தலையாட்டும்: கைபடாத கண்ணாடி கேள்வி பதில்

கண் அசைவைச் சின்னக் கேமராவாலும் மூளை அலையை மின்முனையாலும் பிடித்து, கை படாமல் இயங்கும் ஸ்மார்ட் கண்ணாடிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: "லைட்டைப் போடு" என்று மனதுக்குள் நினைத்தால் கண்ணாடி போட்டுவிடுமா மேடம்?

போடாது. தலைக்கு வெளியே மின்முனை வைத்து எடுக்கும் இஇஜி என்ற மூளை அலைப் பதிவில் வாக்கியமெல்லாம் தெரியாது. ஏராளமான நரம்பணுக்கள் சேர்ந்து துடிப்பதில் மண்டையோட்டைத் தாண்டி வரும் மிச்சம்தான் நமக்குக் கிடைக்கிறது. அதுவும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவில்.

நான் முதன்முதலில் மின்முனைப் பட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது திரையில் கோடு துள்ளிக் குதித்தது. ஆகா, நம் மூளை என்று பூரித்துப்போனேன். பக்கத்தில் இருந்தவர், "பல்லைக் கடிக்காதீங்க" என்றார். தாடையைத் தளர்த்தினேன், கோடு படுத்துவிட்டது. அன்றிலிருந்து "மூளையால் இயங்குகிறது" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் முதலில் தாடையையும் நெற்றியையும்தான் சந்தேகப்படுவேன்.

மூளையிடமிருந்து ஓரளவு நம்பி வாங்கக்கூடிய பதில்கள் கொஞ்சம்தான். திரையில் எழுத்துகள் மாறி மாறிப் பளிச்சிடும்போது, நாம் காத்திருந்த எழுத்து பளிச்சிட்டதும் ஏறக்குறைய 300 மில்லிவினாடி கழித்து அலையில் ஒரு மேடு எழும். பெயர் பி300. ஃபார்வெல், டோன்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988-இல் இதை வைத்தே எழுத்துப் பலகை செய்தார்கள். இன்னொன்று மினுக்கல். 12 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 12 முறை, மினுங்கும் பொத்தானை உற்றுப் பார்த்தால், பின்மண்டைப் பக்கத்து அலையிலும் அதே 12 ஹெர்ட்ஸ் தெரியும். சங்கடம் என்னவென்றால், கண்ணாடிச் சட்டம் மூக்கையும் காதையும் தொடுமே தவிரப் பின்மண்டைக்கு எட்டாது. பின்னால் ஒரு பட்டை வேண்டும், அதற்குத் தலைமுடி வழிவிட வேண்டும்.

கேள்வி: பார்வையைத்தான் துல்லியமாகப் பிடிக்கிறார்களே, பிறகு மூளை எதற்கு?

கண்ணுக்குப் பார்ப்பதுதான் வேலை, உத்தரவு போடுவதல்ல. மெனுவை வாசிக்கும்போதே கண் பட்டதெல்லாம் திறந்துகொண்டால் என்ன ஆகும்? தொட்டதெல்லாம் பொன்னாகிப்போன மைடாஸ் ராஜாவின் கதிதான். கண்ணால் இயக்குவதில் வரும் இந்தத் தொல்லைக்கு கணினி ஆய்வாளர் ராபர்ட் ஜேக்கப் 1990களின் தொடக்கத்திலேயே "மைடாஸ் தொடுகை" என்று பெயர் வைத்துவிட்டார்.

அரை வினாடியோ ஒரு வினாடியோ நிலைத்துப் பார்த்தால் மட்டும் திறக்கட்டும் என்று வைக்கலாம். நேரத்தைக் குறைத்தால் தப்புத்தப்பாகத் திறக்கும், கூட்டினால் கண் வலிக்கும். 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ என்ற தலையில் மாட்டும் திரை, கண்ணால் குறிவைத்து இரண்டு விரல்நுனியைச் சேர்த்துச் "சரி" சொல்ல வைக்கிறது. விரலே அசையாதவர் அந்தச் "சரி"யை எப்படிச் சொல்வார்? மூளை அலைக்கு வேலை வருவது அங்கேதான். ஆம், இல்லை என்ற ஒற்றைத் தகவல் போதும். அதற்கு மேல் கேட்டால் திணறும்.

கேள்வி: கண் சிமிட்டியே "சரி" சொல்லலாமே?

தாராளமாக. நிமிடத்துக்கு 15, 20 முறை தன்னால் சிமிட்டுகிறோம், ஆனால் வேண்டுமென்றே கொஞ்சம் நீட்டி மூடுவதைத் தனியே பிரித்துவிட முடியும். இதற்குக் கேமராகூடத் தேவையில்லை. விழியின் முன்பக்கத்துக்கும் விழித்திரைக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டு, கண் அசைந்தால் அதை அருகிலுள்ள தோலில் அளக்கலாம். ஜப்பானில் 2015-இல் வந்த ஜின்ஸ் மீம் கண்ணாடி, மூக்குத் தாங்கியில் மின்முனை வைத்தே இமைப்பையும் கண் அசைவையும் படித்தது. சிமிட்ட முடிகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: அப்பாவுக்கு ஏஎல்எஸ். கை போய்விட்டது, பேச்சும் குழற ஆரம்பித்துவிட்டது. இந்தக் கண்ணாடி வாங்கலாமா அக்கா?

முதலில் ஒரு வேலை: குரல் புரிகிற மாதிரி இருக்கும்போதே அவரைப் பேசவைத்துப் பதிவு செய்துவிடுங்கள். பிற்பாடு கருவி அவர் குரலிலேயே பேசலாம்.

ஏஎல்எஸ், தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நரம்பு நோய். ஆனால் அதில் கண்ணை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். அதனால் மூளை அலைக்கு அவசரமில்லை. எதிரே ஒரு திரையை நிறுத்திப் பார்வையால் எழுதும் கருவியில் தொடங்குங்கள். அதோடு, எந்தத் தசை இன்னும் சொன்னபடி கேட்கிறது என்று தேடிப் பாருங்கள். இதே நோய் இருந்த இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் கண்ணாடியில் இருந்த அகச்சிவப்பு உணரி கவனித்தது அவர் கன்னத்தின் சின்னத் துடிப்பை மட்டுமே.

நான் கூட இருந்து பழக்கிய ஒருவருக்குக் காலையில் சரியாக இருந்த குறி, மதியம் ஒரு பொத்தான் தள்ளிப்போய் விழுந்தது. அரை மணி நேரம் மென்பொருளைக் குடைந்தோம். கடைசியில் பார்த்தால் மூக்கில் வியர்வை, சட்டம் துளி சரிந்திருந்தது. நாமென்றால் விரலால் மேலே தள்ளிக்கொண்டு போய்விடுவோம். அவரால் முடியாது. "கண்ணாடி இறங்கிடுச்சு" என்று சொல்லவும் அந்தக் கண்ணாடிதான் வேண்டும்! ஆகவே எது வாங்கினாலும், உங்களைக் கூப்பிட அதைச் சாராத அழைப்பு மணி ஒன்று தனியாக இருக்கட்டும். பொத்தான்கள் பெரிதாக, இடைவெளி விட்டு இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு வலிப்பு வந்திருக்கிறது. மினுக்கல் பொத்தான் ஆபத்தா?

வெளிச்சம் தூண்டும் வகை வலிப்பு என்றால் ஆபத்துதான், அதிலும் 15 முதல் 25 ஹெர்ட்ஸ் மினுக்கல் மோசம். நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மாட்டாதீர்கள்.

கேள்வி: கம்பெனிக்காரன் என் மனதைப் படித்துவிடுவானோ?

எனக்குப் பயம் மூளை அலையைவிடப் பார்வைப் பதிவின் மேல்தான். எதைப் பார்த்தீர்கள், எத்தனை நேரம், விட்டுவிட்டு எங்கே திரும்பி வந்தீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். சிலி நாடு 2021-இல் மூளைச் செயல்பாட்டையும் அதிலிருந்து வரும் தகவலையும் காக்க அரசியலமைப்பையே திருத்தியது. வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: பதிவு கருவியிலேயே தங்குகிறதா, சர்வருக்குப் போகிறதா? பதில் மழுப்பலாக வந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இதை எடுத்திருக்கிறேன் மேடம். எங்கே தொடங்க?

கண்ணை மூடுவதில். மின்முனையைப் பின்மண்டையில் வைத்துக் கண்ணை மூடினால் 8 முதல் 13 ஹெர்ட்ஸுக்குள் ஆல்ஃபா அலை எழ வேண்டும். மனித இஇஜியை முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட கட்டுரையில் பேசியது இந்த அலையைத்தான். எழவில்லையா, பெரும்பாலும் மின்முனை தோலில் சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். அலையைப் பதியும் சர்க்யூட் பலகையைப் பாட்டரியில் ஓட்டுங்கள், லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். உடம்புக்கும் பாதுகாப்பு, மின்கம்பி இரைச்சலும் குறையும். மெஷின் லேர்னிங் எல்லாம் இரண்டாவது மாதத்துக்கு. அதுவரை பல்லைக் கடிக்காமல் உட்காரப் பழகுங்கள்.